குழலில் பிழை இல்லை

அஸ்ஸலாமு அலைக்கும் மகன். ஸலாமும் துஆவும் காலையில் நீ வாசலில் சப்பாத்து மாட்டும்போதே சொல்லியாயிற்று. எழுதுவதற்கு எரிச்சல் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற உம்மா திகனவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாயால் சொல்லலாமே என்பாய். நான் வாயைத் திறந்தால் போதும், உனக்கு யாராவது போன் எடுத்துவிடுகிறார்கள். நீயும் அதைக் காதில் வைத்துக்கொண்டு மாமரத்தடிக்கு இறங்கிவிடுகிறாய். வட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் பெயர் போடாமல் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இரண்டு வரி வாசித்ததும் இது யாருடைய ஏச்சு என்று உனக்குத் தெரிந்துவிடும். ஊரார் வாசித்தாலும் பரவாயில்லை. இப்படி ஒரு வாப்பாவும் மகனும் நம் வீட்டில் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அக்குறணையில் பெண் வீட்டார் மேல்மாடி கட்டி, மாபிள் போட்டு, குளியலறைக்குச் சுடுதண்ணீர்க் குழாய் வரை பூட்டி வைத்திருக்கிறார்கள். நம் வழக்கப்படி நீ அங்கே போய்த்தான் இருக்கப் போகிறாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் வாப்பாவும் இந்த வீட்டுக்கு அப்படி வந்தவர்தான். வந்த நாள் முதல் என் வாப்பாவின் காணியைத் தன் காணியாகப் பார்த்தவர். ஆனால் வீட்டை விட்டுப் போகப் போகிற பிள்ளை போவதற்கு முன் உம்மாவிடம் நாலு வார்த்தை பேசும், வாப்பாவிடம் நாலு வார்த்தை பேசும் என்று எதிர்பார்த்தேன். நீ இத்தனை மாதமாகப் பேசியதெல்லாம் ஒரே விஷயம்: வாப்பாவின் துவக்குக்கு எந்தக் குழல் பூட்டினால் குறி தப்பாது.

அந்தத் துவக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அது இடியன் துவக்கு. வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, ஒரு நீளக் கோலால் இடித்து இறக்க வேண்டும். அந்தக் கோலுக்கு இடிகோல் என்று பெயர். ஒரு தரம் சுட்டுவிட்டு மறுபடி இடித்து முடிப்பதற்குள் பன்றி மகாவலியில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன சாமான் என்று என் வாப்பா சொல்வார். குழலுக்குள் திருகாணியைப் போலப் புரி வெட்டியிருக்கிறது. பயிர்க் காவலுக்கென்று அனுமதிப்பத்திரம் இருக்கிறது. வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க உன் வாப்பா இஸ்திரி போட்ட சட்டையுடன் அரசாங்கக் கச்சேரிக்குப் போவார், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. மிளகுக் கொடிக்கு அடியில் மரவள்ளியும் வாழையும் வைத்திருக்கிறோம். பன்றி வந்து இரவோடிரவாகக் கிளறிவிட்டுப் போகிறது. அதைச் சுட்டாலும் நமக்குச் சாப்பிட ஆகாது. வெருட்டுவதற்குத்தான் இவ்வளவு கூத்தும்.

ஒரு வருஷத்துக்கு முன்தான் அவர் துவக்கில் குறை சொல்லத் தொடங்கினார். "இது எடது பக்கம் இழுக்குது மகன். கொழல் தேஞ்சிட்டு" என்றார். நீ என்ஜினியர் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டாய். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தால் குழல், காலையில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால் குழல். யாரோ அமெரிக்கக் கிழவர்கள் தாடியோடு நின்று துவக்குத் துடைக்கிற வீடியோவை இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துப் பார்த்தீர்கள். எனக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மூன்று நாள் மறந்த பிள்ளை, குழலுக்குள் விட்டுப் பார்க்க மெல்லிய லைட் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்தாய். சரி, வாப்பாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்களே என்று நானும் பொறுத்துக்கொண்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதைப் பற்றியும் பேச வராது.

பிறகு வத்தேகமயில் செல்வம் பாஸைக் கண்டுபிடித்தாய். அனுமதி வைத்துக்கொண்டு துவக்குத் திருத்துகிற மனிதர். அவரிடம் மூன்று பழைய குழல்கள் இருக்கின்றன என்று அறிந்த நாளிலிருந்து நம் வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புடவைக்கடைக்குப் போகலாம் வாங்க என்று என்னையும் வாப்பாவையும் காரில் ஏற்றி, நேரே அவருடைய பட்டறைக்குக் கொண்டுபோய் இறக்கினாய். அவர் பாவம், கதிரையைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, தம்பி சீக்கிரம் பாத்துருவாரு" என்றார். நீ சீக்கிரம் பார்த்த அழகை நான் மறக்கவில்லை. லுஹர் பாங்கு கேட்டது, தொழுதுவிட்டு வந்தாய், மறுபடியும் பார்த்தாய்.

நீண்ட குழலை வாப்பா விரும்பினார். நீளம் கூடினால் குறி கூடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நீ சிரித்தாய். "நீளத்துல ஒண்ணும் இல்ல வாப்பா. உள்ளுக்கு ஒரே அளவா ஈக்கணும், அதான் விஷயம்" என்றாய். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாய். உள்வட்டங்களின் நிழல் ஓரிடத்தில் கோணியிருந்தது, அதனால் நீண்டது வேண்டாம். இன்னொன்றில் எண்ணெய்த் துணியைச் சுற்றிய கோலை இறுக்கமாகத் தள்ளிப் பார்த்தாய். நடுவழியில் சட்டென்று கை இலகுவாகிவிட்டது, உள்ளே தேய்ந்திருக்கிறது என்று அதுவும் வேண்டாம் என்றாய். கடைசியாக ஒரு எண்கோணக் குழல், பாரமாக, பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தது. அதன் வாய் விளிம்பை நகத்தால் சுற்றிச் சுற்றித் தடவினாய். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அதுதான், அங்கே ஒரு சிறு வடு இருந்தாலும் குண்டு கோணலாகப் போய்விடும் என்று எனக்கும் விளங்கப்படுத்தினாய். புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று பார்க்கக் கோலில் அடையாளம் வைத்துத் தள்ளினாய். உருண்டைக் குண்டுக்கு மெதுவான புரி போதுமாம், நீளக் குண்டுக்குத்தான் வேகமாகச் சுற்ற வேண்டுமாம். இவ்வளவு பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஆச்சரியப்பட்டேன். உன் கல்யாணப் பெண்ணைக்கூட நீ ஒரு போட்டோவைப் பார்த்து ஓகே என்றவன். செல்வம் பாஸ் எண்கோணக் குழலை ஒதுக்கி வைத்து, "கச்சேரியில அனுமதி வாங்கிக் குடுங்க தம்பி, அப்பதான் மாட்டுவேன். துவக்கு நம்பர் குழல்லதான இருக்கு" என்றார். அந்த மனிதருக்காவது நிதானம் இருந்தது.

அதோடு விட்டாயா? என் தையல் அறைக்கு வந்தாய். குண்டைச் சுற்றிப் போடுகிற துணி ஒரே தடிப்பாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் குண்டு ஒரு நேரம் இறுகும், ஒரு நேரம் ஆடும். நான் உன் அறைத் தலையணை உறைக்கென்று எடுத்து வைத்திருந்த நெருக்கமான பருத்தித் துணியை, கேட்காமல் கொள்ளாமல், என் நல்ல கத்தரிக்கோலால் வட்டம் வட்டமாக வெட்டி வைத்திருந்தாய். அன்றைக்கு நான் போட்ட சத்தம் பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும். "உங்களுக்கு வெளங்காது உம்மா" என்றாய். எனக்கு விளங்காதாம். முப்பது வருஷமாக ஊசிக்கும் நூலுக்கும் துணிக்கும் பொருத்தம் பார்க்கிறவளுக்கு, குழலுக்கும் குண்டுக்கும் துணிக்கும் பொருத்தம் பார்ப்பது விளங்காதாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது துணிக்காக இல்லை. நீ பழைய குழலைச் சோதித்தாயே, அந்த நாளுக்காக. புதியது பூட்டுவதற்கு முன் பழையது எவ்வளவு கெட்டது என்று அளந்து பார்க்க வேண்டும் என்றாய். அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு, காணியின் மேல்பக்க மண்மேட்டில் அட்டை ஒன்றைக் கட்டினாய். அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, துவக்கை அதில் படுக்கவைத்து நீயே சுட்டாய். ஒவ்வொரு வெடிக்கும் இடையில் ஈரத் துணியால் குழலைத் துடைத்தாய், மருந்தை ஒரே அளவாகப் போட்டாய். முதல் நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வாப்பாவுக்கு நீ செய்த பிரசங்கம் எனக்கு நினைவிருந்தது. "குழல் நல்லமா இல்லையாண்டு நடுவுல படுறத வச்சுச் சொல்லேலா வாப்பா. ஒரே இடத்துல போய் விழுதாண்டு பாக்கணும். ஒரே இடத்துல விழுந்தா குறி பாக்குற முள்ளக் கொஞ்சம் தட்டிச் சரி பண்ணிக்கொள்ளலாம்." நானும் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தேய்ந்து போனது என்று நீங்கள் இருவரும் தீர்ப்புச் சொன்ன அந்தக் குழலிலிருந்து போன குண்டுகள் எல்லாவற்றையும் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டால் மூடிவிடலாம்.

பிறகு உன் வாப்பா சுட்டார். தோளில் வைத்தார், இறக்கினார், மறுபடி வைத்தார். "அட்டையக் கொஞ்சம் கிட்டக் கொண்டா, வெயில் கண்ணுல அடிக்குது" என்றார். வெயில் அவருடைய முதுகில் அடித்துக்கொண்டிருந்தது மகன். நீ கிட்டக் கொண்டுவந்து வைத்தாய். குண்டு அட்டையில் படவேயில்லை, பக்கத்தில் இருந்த கொய்யா மரத்தில் கிளை ஒன்று தொங்கியது. "பாத்தியா? நான் சொன்னேன்தானே, கொழல்தான் பிழை" என்றார். நீ அட்டையைப் பார்த்தாய். அவரைப் பார்த்தாய். அட்டையைக் கழற்றி நாலாக மடித்தாய். "ஓ வாப்பா, கொழல மாத்தத்தான் வேணும்" என்றாய்.

எனக்கு அந்த இடத்தில் வந்த கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை. உனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த கையோடு, சொல்வதைவிட வாங்கிக்கொடுப்பது லேசு என்று முடிவெடுத்துவிட்டாய். வாப்பாவின் முகத்துக்கு நேரே கண் என்ற சொல்லைச் சொல்ல உனக்கு வெட்கம், அல்லது பயம், அல்லது மரியாதை என்று நீ எதை வைத்திருக்கிறாயோ அது. மரியாதை என்பது இதுதான் என்றால் அதை அக்குறணைக்குக் கொண்டுபோகாதே. அந்தப் பிள்ளை உன்னோடு வாழ வேண்டும். அவளுக்கு நோவு வந்தால் நோவு என்று சொல்லு, பிழை செய்தால் பிழை என்று சொல்லு. சாமான் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதே.

உனக்குத் தெரியாத மிச்சத்தையும் கேள். என் மெஷினுக்கு ஊசி கோர்த்துத் தருவது காலங்காலமாக அவருடைய வேலை. எனக்குச் சாளேஸ்வரம் வந்த நாளிலிருந்து சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் அதைத்தான் முதலில் செய்வார். இப்போது நாலைந்து தரம் குத்திவிட்டு, "இப்ப வாற நூல் எல்லாம் பஞ்சு புள்ள, சரியில்ல" என்கிறார். நூலில் பிழை, குழலில் பிழை. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு, கோப்பை சின்னது என்கிறார். இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் பார்த்துவிடுவார் என்ற பயம்கூட எனக்கு இல்லை. காலையில் கதிரையில் சாய்ந்து அதை விரித்துப் பிடிப்பார், பிடித்துக்கொண்டே இருப்பார், பக்கம் திரும்புவதில்லை. கண் விஷயம் கச்சேரியில் தெரிந்தால் துவக்கை எடுத்துவிடுவார்கள், துவக்குப் போனால் காணிக்குள் தனக்கு என்ன வேலை என்று நினைக்கிறார். நீயும் போகப் போகிறாய். அவர் வாய் திறந்து சொல்லவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.

இனி நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று. போன மாதம் கீழ்க்காணிச் சுமனபால நம் வேலியோரமாகக் குந்தியிருந்து ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். பின்னேரம் அஸருக்குப் பிறகு, நல்ல வெளிச்சம். கறுப்புச் சட்டை போட்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் மேலே உன் வாப்பா, தோளில் துவக்கு, குழல் நேரே இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் ஓடவில்லை, சத்தம் போடவில்லை. இருந்த இடத்திலேயே தொண்டையைச் செருமியிருக்கிறார். உன் வாப்பா துவக்கை இறக்கிவிட்டு, வழக்கம் போலச் சுகம் விசாரித்தாராம். மறுநாள் சுமனபால பின்வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில்தான் சொன்னார்: "நோனா, நான் பொலிசுக்குப் போக மாட்டேன். இந்த வீட்டு நானா நல்ல மனுசன். ஆனா என் மகள் டியுசன் முடிஞ்சு அந்த வழியாலதான் வாறா." அவ்வளவுதான் சொன்னார். நீ தேடி எடுத்திருக்கிறாயே, கோணாத, தேயாத, வாய் விளிம்பில் வடு இல்லாத குழல், அது உன் வாப்பா நினைக்கிற இடத்துக்குக் குண்டை அனுப்பாது மகன். அவர் நீட்டுகிற இடத்துக்குத்தான் அனுப்பும், அதுவும் பிழையில்லாமல்.

அன்றைக்கே இடிகோலை எடுத்து ஒளித்தது நான்தான். மருந்தை ஒளித்தால் மருந்து எங்கே என்று கேள்வி வரும், துவக்கையே ஒளித்தால் பொலிசு வரை போகும். கோல் என்றால் எங்கேயாவது விழுந்திருக்கும் என்று நினைப்பார்கள். அதில்லாமல் அந்தத் துவக்கு வெறும் இரும்பு. நீங்கள் இருவரும் தேடினீர்கள். கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், மாட்டுக் கொட்டிலில். எப்படியும் புதிதாக ஒன்று செய்துவிடுவீர்கள் என்றுதான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலியில் மூங்கில் நிற்கிறது. சீவினால் சோறு வெந்து முடிவதற்குள் இடிகோல் தயார். காணியில் பன்றி கிளறிக்கொண்டுதான் இருக்கிறது. குழலுக்குள் கோணலைக் கண்டுபிடிக்கிற மகனும், கத்தி பிடித்தால் எதையும் சீவி எடுக்கிற வாப்பாவும், வாரக்கணக்காகத் தேடுகிறீர்களே தவிர ஒருவரும் ஒரு மூங்கிலை வெட்டவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கும் தெரியும். சுமனபால செருமிய சத்தம் அவர் காதில் இன்னும் இருக்கிறது. கோல் தொலைந்தது அவருக்கு நிம்மதி, உனக்கும் நிம்மதி. இரண்டு பேரும் கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்துக்கொண்டு, அது கிடைத்துவிடக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரு பொம்பிளை எத்தனை காலம்தான் பொறுமையாக இருப்பது?

ஆகவே நான் சொல்வதைச் செய். செல்வம் பாஸிடம் போய்க் குழல் வேண்டாம் என்று சொல்லிவிடு. கண்டியில் கண் டொக்டரிடம் நம்பர் எடு. வாப்பாவிடம், உம்மாவைக் காட்டப் போகிறோம், துணைக்கு வாங்க என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் நானும் உங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். கிட்டப் போய் உட்கார்ந்து, உங்களுக்குக் கண் தெரியவில்லை வாப்பா, எனக்கு அன்றைக்கே தெரியும், நான் பொய் சொன்னேன் என்று சொல்லு. அவர் ஏசுவார். ஏசட்டும். பிறகு சட்டையை இஸ்திரி போடச் சொல்வார், பார்.

கோலைத் தேட வேண்டாம். பெண் வீட்டார் வந்த அன்றைக்கு உன் அறையில், "தெர வடிவா ஈக்குது" என்று உன் மாமி சொன்னாரே, அந்த ஜன்னல் திரையைத் தாங்கிக்கொண்டு நிற்பது அதுதான். நீ தினமும் காலையில் அந்தத் திரையை ஒதுக்குகிறாய். பித்தளை முனை உன் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. பார்க்கவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. அவருடைய கண் சரியாகி, டொக்டர் சரி என்று சொன்னால், திரையை நானே கழற்றிக் கோலை அவர் கையில் கொடுக்கிறேன். சரியாகாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும், பன்றி மரவள்ளியைத் தின்றுவிட்டுப் போகட்டும்.

பன்றிக்காக நான் இவ்வளவும் எழுதவில்லை. அடுத்த மாதம் பள்ளிவாசலில் உன் நிக்காஹ் நடக்கும்போது அவர் முன்வரிசையில் இருப்பார். அங்கே இருக்கிற எல்லோர் தலையிலும் வெள்ளைத் தொப்பி இருக்கும். அதில் எது தன் மகன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும்படி அவரை வைத்துவிடாதே.

உன் உம்மா